மலேசியாக்காவின் பத்திரம்

பட்டியலில் மலேசியா இல்லை.

டோல்கேட் சிக்னலில், முன்னால் ஒரு கன்டெய்னர் லாரியும் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரியும் நிற்க, ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நசுங்கி உட்கார்ந்தபடி போனில் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தெந்த நாட்டுக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியிடம் முன்கூட்டி அனுமதி வாங்காமல் இந்தியாவில் வீடோ நிலமோ வாங்கக் கூடாது என்று ஒரு பட்டியல். பாகிஸ்தான் இருந்தது. இலங்கை இருந்தது. சீனா இருந்தது. நேபாளமும் பூடானும்கூட இருந்தன. மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். மலேசியா இல்லவே இல்லை.

"அண்ணா, நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்!" என்று கத்தினேன்.

"வண்டி நின்னு எம்மா நேரம் ஆவுது. எறங்கேன், யாரு வேணான்னா?" என்றார் ஆட்டோக்காரர்.

மிச்ச தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து சந்துக்குள் நுழைந்தேன். மலேசியாக்கா வாசலில் அடுப்பைப் போட்டு, பொரித்த கரிபாப்களை எண்ணெய் வடியப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க வாங்கலாம்! உங்க பேர்லயே வாங்கலாம்! பட்டியல்ல மலேசியா இல்ல!"

பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டதுபோலச் சந்தே திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும் திரும்பவில்லை. எண்ணெயில் மிதந்த கரிபாப்பைப் புரட்டிவிட்டு, "வாங்கலாம்னு எழுதிருக்கா லா, இல்ல வாங்கக் கூடாதுன்னு எழுதாம இருக்கா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

"ரெண்டும் வேற. வாங்கலாம்னு எழுதின எடத்தைக் காட்டு."

வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேடினேன். இந்தியாவிலேயே வசிக்கிற அயல்நாட்டவர், பட்டியலில் உள்ள நாடுகளைச் சேராதவராக இருந்தால் அனுமதியின்றி வாங்கலாம் என்று சொல்கிற பத்தியைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகுதான் அவர் அடுப்பை அணைத்தார். போனைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்து முடித்து, "சரி. வாங்கறேன்" என்றார். ஏதோ கால் கிலோ வெங்காயம் வாங்குகிற மாதிரி.

சந்தில் அவருக்குப் பெயரே கிடையாது. என் அம்மாவுக்கும் மலேசியாக்கா, எனக்கும் மலேசியாக்கா, அவரைவிட மூத்த பால்காரருக்கும் மலேசியாக்கா. மலேசியாவில் கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குப் போயிருந்த தண்டையார்பேட்டைக்காரரைக் கட்டிக்கொண்டு, அவரோடு இங்கே வந்து, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவர் பேச்சில் கிள்ளான் பாதி, எங்கள் பேட்டை பாதி. "இன்னா லா" என்று ஆரம்பித்து "அலாமா, பேஜாரா பூடுச்சு" என்று முடிப்பார். சந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மலேசிய 'லா' ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமே "தெரியாது லா" என்று சொல்லி அடி வாங்கியவர்கள் நாங்கள்.

பாஸ்போர்ட் மட்டும் மலேசியாவுடையது. விசாவை நீட்டிக்க, அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு வருஷா வருஷம் இஸ்திரி போட்ட புடவையில் போய்வருவார். "இத்தனி வருஷம் ஆச்சே, பேசாம இந்தியாவுக்கு மாத்திக்கினா என்ன?" என்று யாராவது கேட்டால், "புடவையா லா, மாத்திக்கறதுக்கு?" என்பார்.

அவர் போட்ட கரிபாப் அரைவட்டமாக, ஓரம் பின்னலிட்டு இருக்கும். உள்ளே உருளைக்கிழங்கும் கறிமசாலாவும். துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாங்கித் தின்பார்கள். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர், "யக்கா, ரெண்டு சமோசா குடு" என்றார்.

"சமோசா அடுத்த தெருவுல கீது."

"இது இன்னா?"

"கரிபாப்."

"எல்லாம் ஒண்ணுதான், குடுக்கா."

"ஒண்ணுன்னா அங்கயே வாங்கிக்கோயேன்."

அந்த ஆள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், தெருமுனைவரை போய், திரும்பி வந்து, "ரெண்டு கரிபாப்" என்றார். அக்கா முகத்தில் வெற்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை. கூடுதலாக ஒரு கரண்டி சட்னி ஊற்றிக் கொடுத்தார். "பர்மாக்காரம்மாவா நீங்க?" என்று கேட்டவர்களின் கதியும் இதேதான். எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த தமிழர் என்றால் பர்மா என்றே வாயில் வரும். "பர்மா இல்ல, மலேசியா" என்று அவர் திருத்தாமல் விட்ட ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்டவர் போலீஸ்காரராக இருந்தாலும், கைக்குழந்தையாக இருந்தாலும்.

இதை ஏதோ பிடிவாதக்காரக் கிழவியின் குணம் என்று சந்து சிரித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை என்னால் அப்படிச் சிரிக்க முடியாமல் போயிருக்கிறது. அவருடைய கணவர் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அம்மாவும் பார்க்கப் போயிருந்தோம். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிடுமா?" என்று கேட்டார். சுற்றி நின்ற நாங்கள் அத்தனை பேரும் "ஆயிடும், ஆயிடும்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னார்: "ஆவாதுன்னு சொல்றாங்க."

கணவருடைய தம்பி மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். படுத்திருந்தவர் கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "அப்போ இனிமே அந்தக் கஞ்சி வேணாம். ரெண்டு கரிபாப் எடுத்தா" என்றார். அக்கா எடுத்துப் போனார். அவர் பாதி தின்றார். அந்தத் தம்பி மனைவி இன்றுவரை அக்காவை மன்னிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் அந்த மனிதர் அக்காவிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டார், எங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்பதை யோசிக்கிறேன்.

அவரை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்த பிறகு அக்கா அதே வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. வீடு அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர், நல்ல மனிதர். வியாபாரத்தைப் பெரிதாக்க வீட்டை விற்க முடிவுசெய்தபோது முதலில் அக்காவிடம்தான் வந்து சொன்னார்.

"யாருக்குக் குடுத்தாலும் இடிச்சிட்டு குடோன் கட்டிருவான். ஒருத்தன் வந்து கேட்டுட்டும் போயிட்டான். நீங்க இத்தன வருசம் இருந்த வீடு. எடுத்துக்கிடுதியளா?"

கிள்ளானில் அப்பா வீட்டை விற்றதில் தங்கை அனுப்பிவைத்த பங்கு அக்காவிடம் இருந்தது. ஆசையும் இருந்தது. ஆனால் வெளிநாட்டுக்காரி இங்கே வீடு வாங்க முடியாது என்பது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாருமே எங்கும் படித்திராத சட்டம். கணவரின் தம்பி வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்பவர். சட்டையில் சாம்பல் படிந்தபடியே வேலையிலிருந்து நேராக வந்து சொன்னார்: "அண்ணி, என் பேர்ல போட்டுக்கலாம். நீ சாவறவரிக்கும் இரு. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"நீ கேக்க மாட்டே, தெரியும் லா. ஆனா பத்திரத்துல வாங்கினவன் நீன்னு இருக்கும். வாங்கினது நானு."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே!"

"அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சதையே எழுதிடலாமே?"

அவர் சட்டைச் சாம்பலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்கு மட்டும் அன்று ராத்திரியெல்லாம் மூளை குடைந்தது. நான் அப்போது துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பி.காம். முடித்த திமிர், எந்தத் தாளையும் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை. மலேசியாவிலிருந்து பாமாயில் வரும். அது எந்த நாட்டில் விளைந்தது என்று ஒரு சான்றிதழ் கூடவே வரும். முத்திரை சரியாக இருந்தால் மரியாதையாக உள்ளே விடுவார்கள். எண்ணெய்க்கு ஒரு வழி இருக்கும்போது அதில் கரிபாப் பொரிக்கும் மனுஷிக்கு வழி இருக்காதா? இப்படித்தான் ஆட்டோவில் அந்தப் பட்டியல்வரை வந்து சேர்ந்தேன்.

இந்திய வம்சாவளி என்று ஒரு அட்டை வாங்கிவிட்டால் எல்லாம் சுலபம் என்று இடையில் ஒரு ஏஜென்ட் வந்தார். அதற்குத் தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்ற ஆதாரம் வேண்டும். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார் என்பது மட்டும்.

"அதுக்கின்னா மேடம்? எந்த ஊரு ஓணும்னு சொல்லுங்க. அந்த ஊர்லயே தாத்தா பொறந்தாமேரி ரெடி பண்ணித் தரேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க தாத்தாவே எங்ககிட்ட சொல்லாத ஊரு, உனக்கு எப்படி லா தெரிஞ்சுது?"

ஏஜென்ட் கரிபாப்பைக்கூட முழுதாகத் தின்னாமல் போய்விட்டார்.

ஆகவே நேர்வழி. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அண்ணாச்சிக்குப் பழக்கமான ஒரு பத்திர எழுத்தரிடம் போனோம். எல்லோரும் அவரை ரைட்டர் என்பார்கள். அவர் புதிதாக எதையும் எழுதுவதில்லை. கம்ப்யூட்டரில் போன வாரத்துப் பத்திரத்தைத் திறப்பார், பெயர்களை மாற்றுவார், நான்கு எல்லைகளை மாற்றுவார், அச்சடிப்பார். எல்லாப் பத்திரமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். அக்கா விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்து, இரண்டாவது வரியிலேயே நின்றார்.

"இன்னா லா இது? இந்தியக் குடிமகள்?"

"ஆமா. அதான் ஆதார் கீதே."

"ஆதார் இங்க குடியிருக்கறவங்களுக்குக் குடுக்கறது. நான் குடிமகள் மலேசியாவுக்கு. மாத்து."

"யக்கா, நான் சொல்றத கேளு." ரைட்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "ஆதார் கீது, பான் கீது. மூஞ்சி நம்ம மூஞ்சி, பேச்சு நம்ம பேச்சு. உன்ன யாரு கேக்கப் போறா? இந்த வரிய அப்டியே உட்டா, போட்டோ புடிச்சிகினு, ரேகை வச்சிகினு, மத்தியான சோத்துக்கு வூட்டுக்குப் பூடலாம்."

"இன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு எனக்கு ஆவாதவன் ஒருத்தன் கேப்பான். அப்போ வூடே பொய்யாயிடும். அதோட, பொய்ய எழுதிட்டா அத ஞாபகம் வச்சிக்கணும் லா. எனக்கு அவ்ளோ ஞாபகம் இல்ல."

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் விதியை அச்சடித்த தாளை நீட்டினேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு மாற்றினார். மாற்றும்போது பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இது இன்னா, உன் பேருக்கும் உங்கப்பா பேருக்கும் நடுவுல ஏ/பின்னு போட்டுகீது? ஆந்திரப் பிரதேசமா?" என்றார். அக்கா அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "அது மலாய். மகள்னு அர்த்தம். அதையும் அப்படியே போடு."

இப்படி, 'மலேசியக் குடிமகள்' என்ற வரியோடு பத்திரம் சார்பதிவாளரின் மேசைக்குப் போனது. எங்கள் முறை வந்ததும் அண்ணாச்சியும் அக்காவும் நானும் உள்ளே போனோம். சார்பதிவாளர் கண்ணியமான பெண்மணி. புரட்டிக்கொண்டே வந்தவர், அந்த வரியில் நின்றார்.

"வெளிநாட்டவரா? ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதம் எங்கே?"

நான் முந்திக்கொண்டு, "தேவையில்ல மேடம், இந்தப் பட்டியல்ல மலேசியா இல்ல…" என்று தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். பொறுமையாகவே படித்தார்.

"இந்த ஒரு வரி இல்லேன்னா இந்நேரம் நீங்க ரேகை வச்சிட்டுக் கிளம்பியிருப்பீங்க" என்றார் அக்காவைப் பார்த்து.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"நான் வேற ஆளா இருந்தா வேற எழுதியிருப்பேன்."

சார்பதிவாளர் பேனாவை மூடினார். "என்னால பதிய முடியாதுன்னு வைங்க. அப்போ?"

"முடியாதுன்னு எழுதிக் குடுங்க மேடம். ஏன் முடியாதுன்னும் எழுதிக் குடுங்க. நான் உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்ட போய்க் கேட்டுக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அந்த அறையைச் சங்கடப்படுத்தியது. முடியாது என்று வாயால் சொல்வது சுலபம். எழுதவேண்டும் என்றால் எந்த விதிப்படி என்று காட்டவேண்டும். அந்த அதிகாரி மறுபடி என் தாளை எடுத்தார். "'இந்தியாவில் வசிப்பவர்'னு போட்டிருக்கு. விசாவுல இருக்கறவங்க நாளைக்கே கிளம்பிப் போகலாம். இங்கதான் இருக்கப்போறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவாங்க, பாக்கறேன்."

மறுப்பு இல்லை! வெளியே வந்ததும் நான் துள்ளாத குறை. ரைட்டரும் உற்சாகமாகி, பத்து நிமிஷத்தில் உறுதிமொழியை அச்சடித்துவிட்டார். அக்கா படித்தார். படித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தார்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அதில் எழுதியிருந்தது: 'என் ஆயுட்காலம் முழுவதும் இந்தியாவிலேயே நிரந்தரமாக வசிப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"எனக்குத் தெரியாதே லா" என்றார் அக்கா. "கிள்ளான்ல தங்கச்சி இருக்கா. அவளுக்கும் யாரும் இல்ல. நாளைக்குக் கூப்பிட்டா போவேன். போனா எப்ப வருவேன், வருவேனா, எனக்குத் தெரியாது. தெரியாதத எப்படி உறுதி சொல்றது?"

அண்ணாச்சி இதுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். அன்று பேசினார். "என்னத்துக்கு இந்தப் பாடு? ஊருல ஒருத்தன் இத வாசிப்பானா? அந்தக் குடோன்காரன் தெனமும் போன் போடுதான். நான் என் வியாபாரத்தப் பாக்கவா, உங்க ஒரு வரியப் பாத்துக்கிட்டு நிக்கவா? இந்த வாரம் முடியலன்னா என்னய கொற சொல்லக் கூடாது, பாத்துக்கிடுங்க."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"யக்கா, இது சும்மா ஒரு பேப்பரு!" என்றார் ரைட்டர், கையைத் தலையில் வைத்துக்கொண்டு. "போறச்சொல போயேன். உன்ன புடிச்சா வச்சிக்கப் போறாங்க?"

"அப்போ எதுக்கு அதுல 'உறுதி'ன்னு போட்டிருக்கு?"

எனக்கு அழுகை முட்டியது. அவர்மேல் கோபமாகவும் வந்தது. வீடு கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க, இந்த மனுஷி ஒரு வாக்கியத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாரே. ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் ஒரு கணம் கதவைப் பார்த்தார். பூட்டில் சாவியைப் போடாமல் வெறுமனே நிலையைக் கையால் தடவினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவருக்கு அந்த வீடு எங்கள் எல்லோரையும்விட வேண்டியிருந்தது. எப்படியாவது என்பது மட்டும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், பாமாயில் கப்பல் ஒன்றின் தாள்களை ஓரம் தள்ளிவிட்டு, மூலச் சட்டத்தையே இறக்கிப் படித்தேன். விதியை மட்டும் படித்திருந்தேன். 'இந்தியாவில் வசிப்பவர்' என்றால் யார் என்று சட்டம் சொல்லும் இடத்தை அதுவரை படித்திருக்கவில்லை. படிக்கப் படிக்க எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "இன்னாம்மா, கப்பல் முழுகிடுச்சா?" என்று கேட்டார்.

சட்டம் ஆயுள் முழுவதும் என்று கேட்கவே இல்லை. நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. முந்தின வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கே இருந்திருக்க வேண்டும். இங்கே வந்தது இன்ன தேதியில் கிளம்பிவிடுவேன் என்ற கணக்கோடு அல்லாமல், எவ்வளவு காலம் என்று நிச்சயமில்லாத காலத்துக்குத் தங்கும் நோக்கத்தோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு காலம் என்று தெரியாதவரைத்தான் சட்டமும் வசிப்பவர் என்கிறது! 'ஆயுள் முழுவதும்' என்பது ரைட்டர் கம்ப்யூட்டரில் வேறு யாருக்கோ அடித்து வைத்திருந்த வரி.

அன்று மாலை ரைட்டர் கடையில் நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார்: 'நான் திருமணமாகி வந்த நாள்முதல் இந்தியாவில் வசித்துவருகிறேன். என் கணவர் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். இன்னும் எவ்வளவு காலம் இங்கே வசிப்பேன் என்பதை என்னால் வரையறுத்துச் சொல்ல இயலாது.' ரைட்டர் நடுவில் நிறுத்தி, "இப்டி ஒரு உறுதிமொழிய என் சர்வீஸ்ல அடிச்சதே இல்ல. தெரியாதுன்னு உறுதி சொல்ற மொத ஆளு இதான்" என்றார்.

அக்கா படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நெசம்" என்றார். "பேனா குடு."

சார்பதிவாளர் அந்தத் தாளைப் படித்தபோது அவர் உதடு லேசாக வளைந்தது. என் சட்டப்பிரிவுத் தாளை ஒப்பிட்டுப் பார்த்தார், விசா நீட்டிப்புகளை வரிசையாகப் பார்த்தார், "கேமராவைப் பாருங்கம்மா" என்றார். அண்ணாச்சி வெளியே வந்து குடோன்காரருக்குப் போன் போட்டு, "வித்தாச்சு. ஆமா, அந்த மலேசியாம்மாதான்" என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமை, ஏதோ அவரே சட்டத்தோடு மல்லுக்கட்டியதுபோல் இருந்தது.

ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. தங்கைக்குப் பக்கவாதம் என்று கிள்ளானிலிருந்து போன் வந்தது. வீட்டுச் சாவியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "எப்ப வருவீங்க?" என்று கேட்டதற்கு, "கவர்மென்டுகிட்டயே எழுதிக் குடுத்திருக்கேனே லா, தெரியாதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'ஆயுள் முழுவதும்' வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால் விமானம் ஏறியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அல்லது ஏறி, வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போயிருப்பார்.

போனது போனதுதான், வருஷங்கள் ஆகின்றன. இங்கே தங்கும் அனுமதி காலாவதியாகிவிட்டது. வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆனால் அவருடையதாகவே கிடக்கிறது. இங்கே வசித்தபோது வாங்கியதை வெளிநாடு போனபின்னும் வைத்துக்கொள்ளலாம், அதையும் படித்துவிட்டேன். வாரம் ஒருமுறை நானே திறந்து கூட்டுகிறேன். வாசலில் அடுப்பு இல்லாத சந்தில் மாலை நேரம் ஏனோ சீக்கிரமே இருட்டுகிறது.

போன ஞாயிறு வீடியோ காலில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் அவருடைய தங்கை தடி ஊன்றி நடந்துபோவது தெரிந்தது.

"அவ நடக்கறா லா. நான் வரேன்."

பேசிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தேன். "அக்கா, இப்போ எல்லாம் ஆன்லைன். சுற்றுலா விசா ரொம்ப ஈசி. ஒரு வாரத்துக்குள்ள வந்துடும்."

"சுற்றுலாவா?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"தண்டையார்பேட்டைல இன்னா லா சுற்றிப் பாக்கறது?" என்றார். "என் வூட்டுக்கு நான் வரேன். அத எழுது."

கணவரின் தம்பி, "அண்ணிக்குப் புத்தியே வராது. வந்து சேர்ந்தா போதாதா?" என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறாள். வந்து சேர்ந்தால் போதாது. சுற்றுலாப் பயணியாக வந்தால் சுற்றுலாப் பயணியாகவே திரும்பவும் வேண்டும், அது அவருக்குத் தெரியும்.

இந்த வாரம் முழுக்க விசா வகைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்திரத்தின் நகல், அவர் பெயரில் வரும் சொத்து வரி ரசீது, மின்கட்டண அட்டை எல்லாம் ஸ்கேன் ஆகிவிட்டன. நாளைக் காலை விண்ணப்பத்தை அனுப்பப் போகிறேன். வருகையின் நோக்கம் என்ற கேள்விக்குக் கொடுத்திருக்கும் பதில்களில் சுற்றுலா இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது. கடைசியாக 'இதர' என்று ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் தேர்ந்தெடுக்கப் போகிறேன். விளக்கம் எழுதப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். சின்ன இடம்தான். வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று எழுதுவதற்குப் போதும்.